அன்று தூரம், இன்று கெடு: காரைக்காலின் டாக்டர் படிப்புக் கணக்கு

காரைக்கால் மாவட்டத்தின் பரப்பு சுமார் 160 சதுர கிலோமீட்டர். இந்தச் சின்ன எல்லைக்குள் இன்று இரண்டு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒன்று மத்திய அரசின் ஜிப்மர் கிளை. அங்கே ஒரு வருடக் கல்விக் கட்டணம் சில ஆயிரம் ரூபாயோடு முடிந்துவிடும். இன்னொன்று கோட்டுச்சேரிப் பக்கம், கீழகாசாக்குடியில் உள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி. நிகர்நிலை வகைக் கல்லூரிகளில் ஒரு வருடக் கட்டணம் பொதுவாக இருபது லட்சத்தைச் சுற்றி நிற்கிறது. இரண்டிலும் ஒரே பாடத்திட்டம், முடிவில் ஒரே எம்பிபிஎஸ் பட்டம். எந்த வாசலில் நுழைகிறோம் என்பதை நீட் மதிப்பெண்ணில் வரும் சிறு வித்தியாசம் தீர்மானித்துவிடுகிறது. அந்த வித்தியாசத்தின் விலை ஒரு குடும்பத்தின் மொத்தச் சொத்துக்கும் மேலே போகலாம்.

அறுபது வருடத்துக்கு முன்னால் இந்த ஊரில் மருத்துவக் கல்லூரியே கிடையாது. அன்றைக்குப் பிள்ளையை டாக்டருக்குப் படிக்கவைத்தவர்களுக்குத் தூரமே பெரிய தடை. இன்றைக்குக் கல்லூரி பக்கத்தில் வந்துவிட்டது, உதவித்தொகைகளும் பெருகிவிட்டன, வங்கியும் கடன் தருகிறது. ஆனாலும் சீட்டு கிடைத்த வீட்டில் சிரிப்பைவிடக் கவலை அதிகமாக இருக்கிறது. இந்த மாற்றத்தைப் பணக் கணக்கோடு வைத்துப் பார்த்தால்தான் காரணம் புரியும்.

அன்று: பாஷையும் நஞ்சையும்

1739 முதல் ஃபிரெஞ்சுக்காரர் கையில் இருந்த காரைக்கால், 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்துக்குள் வந்தது. சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல் நடந்தது. ஃபிரெஞ்சு ஆட்சியில் வைத்தியம் படிக்க வேண்டுமானால் புதுச்சேரியில் இருந்த ஃபிரெஞ்சு மருத்துவப் பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே படித்தவர்கள் ஃபிரெஞ்சிந்தியப் பகுதிகளுக்குள் வைத்தியம் பார்த்தார்கள். முழு டாக்டர் பட்டம் வேண்டும் என்றால் கப்பலேறி ஃபிரான்ஸ் போயாக வேண்டும். பாடம் ஃபிரெஞ்சில் நடந்ததால், ஃபிரெஞ்சுப் படிப்புக்கு முன்பே செலவு செய்திருந்த வீடுகளுக்குத்தான் அந்த வழி திறந்திருந்தது.

அந்த வீடுகளுக்குப் பணம் மூன்று பக்கத்திலிருந்து வந்தது. திருநள்ளாறு, நெடுங்காடு பக்கத்து நஞ்சை நிலம் ஒன்று. வியட்நாமின் சைகோனில் வியாபாரத்திலோ ஃபிரெஞ்சு உத்தியோகத்திலோ இருந்த அண்ணனோ மாமனோ அனுப்பும் பணம் மற்றொன்று. ஃபிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை ஊரில் ‘சொல்தா’ என்பார்கள். அவர்கள் வாங்கிய பென்ஷன் மூன்றாவது.

1956இல் புதுச்சேரியில் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 1964இல் அது ஜவஹர்லால் பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையம் ஆனது. நாம் ஜிப்மர் என்று சொல்லும் நிறுவனம் அதுதான். பாடம் ஆங்கிலத்துக்கு மாறியது, கட்டணத்தை மத்திய அரசு குறைவாகவே வைத்தது. ஃபிரெஞ்சு தெரியாத வீட்டுப் பிள்ளைகளும் அந்த வாசலைப் பார்க்க முடிந்தது.

ஆனால் புதுச்சேரி இங்கிருந்து நூற்றுமுப்பது கிலோமீட்டருக்கு மேல். பேரளம் வரை மீட்டர்கேஜ் ரயில், அங்கிருந்து மாயவரம், விழுப்புரம் என்று மாறி மாறிப் போவார்கள். இல்லாவிட்டால் பஸ்தான். அதனால் விடுதி, மெஸ், போக்குவரத்து, புத்தகம் ஆகியவைதான் அன்றைய உண்மையான கட்டணம்.

இந்தச் செலவுக்கு விவசாய வீட்டில் ஒரு சிக்கல் இருந்தது. கல்லூரி ஜூன், ஜூலையில் திறக்கும். அது குறுவைக்கு விதை, உழவு, நடவு என்று கையில் இருப்பதெல்லாம் வயலுக்குப் போகிற காலம். பணம் கைக்கு வருவது குறுவை அறுவடையில், இல்லாவிட்டால் தை, மாசியில் சம்பா நெல் களத்துக்கு வந்த பிறகு. அதனால் ஆடியில் அடகுக்குப் போன நகை தையில் திரும்பும். தொகை சிறியது என்பதால் ஒரு சங்கிலியே அந்த ஆறு மாதத்தைத் தாங்கியது. மளிகைக்கடைக்காரரோ பங்காளியோ கைமாற்றுக் கொடுத்தாலும் சமாளிக்க முடிந்தது.

அரசின் உதவியும் இருந்தது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944ஆம் ஆண்டே தொடங்கிவிட்டது. 1963இல் மத்திய அரசு தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. நன்றாகப் படிக்கும், வசதியில்லாத மாணவருக்கு வட்டியில்லாமல் கடன், வேலைக்குப் போன பிறகு சிறுகச் சிறுகத் திருப்பினால் போதும். இன்றைய கல்விக் கடனின் முன்னோடி அது. ஒரே வித்தியாசம், அன்று அரசே வட்டியில்லாமல் கொடுத்தது.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிப் பேச நான் வரவில்லை. ஒரு தலைமுறையில் காரைக்காலில் இருந்து டாக்டரானவர்களை ஊரே பெயர் சொல்லி எண்ணிவிடும். பட்டினச்சேரியிலும் காரைக்கால்மேட்டிலும் கிளிஞ்சல்மேட்டிலும் கடலுக்குப் போகிற வீடுகளில் அந்தப் பேச்சே எழவில்லை. கட்டணம் குறைவாக இருந்தது உண்மை. அந்தக் குறைந்த கட்டணத்தின் அருகே போகவே பெரும்பாலோருக்கு வழியில்லை என்பதும் உண்மை.

நடுவில் நடந்தது

1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தனியார் தொழிற்கல்லூரிகளில் இலவச இடம், கட்டண இடம் என்று பிரித்தது. 2002இல் டி.எம்.ஏ. பாய் தீர்ப்பு அந்த ஏற்பாட்டை மாற்றியது. அடுத்த ஆண்டு வந்த இஸ்லாமிக் அகாடமி தீர்ப்புக்குப் பின் ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் கட்டண நிர்ணயக் குழுக்கள் வந்தன. இதற்கிடையே 1996இல் கீழகாசாக்குடியில் விநாயகா மிஷன்ஸ் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஊருக்குள் வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் நடமாடத் தொடங்கினார்கள். பெரும்பாலோர் வெளியூர்ப் பிள்ளைகள்.

2010இல் புதுச்சேரி கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது. புதுச்சேரி அரசின் கீழ் உள்ள இடங்களை நான்கு பிராந்தியங்களுக்குப் பிரிக்கும்போது காரைக்காலுக்கு 18 சதவீதம் கிடைக்கிறது. 2016இல் ஜிப்மரே காரைக்காலுக்கு வந்தது. முதல் ஆண்டு 50 இடங்களோடு தற்காலிக ஏற்பாட்டில் வகுப்புகள் தொடங்கின. புதிய வளாகத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது.

இன்று: நான்கு வாசல்

இன்று பிளஸ் டூ முடிக்கும் காரைக்கால் பிள்ளைக்கு முன்னால் நான்கு வாசல்கள் இருக்கின்றன. முதலாவது ஜிப்மர். 2019 வரை அதற்குத் தனி நுழைவுத் தேர்வு இருந்தது, 2020 முதல் நீட் மட்டுமே. இரண்டாவது கதிர்காமம் அரசுக் கல்லூரி, புதுச்சேரி அரசின் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாக. மூன்றாவது தனியார் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீடு. அதுவும் சென்டாக் வழிதான், கட்டணக் குழு நிர்ணயித்தபடி ஆண்டுக்குச் சில லட்சம் ஆகும். நான்காவது நிர்வாக ஒதுக்கீடும் நிகர்நிலைக் கல்லூரியும். ஆயிரத்தில் தொடங்கி லட்சம் ஏறி, கோடியில் போய் முடிகிற வரிசை இது.

நிகர்நிலை இடங்களுக்கு மத்தியக் கலந்தாய்வுக் குழுதான் மாணவர்களை ஒதுக்குகிறது. எங்கள் மண்ணில் நிற்கும் கல்லூரி என்பதால் காரைக்கால் பிள்ளைக்கு அங்கே குறைந்த கட்டணத்தில் சென்டாக் இடம் கிடைத்துவிடாது. எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். திருவாரூரில் 2010இலும் நாகப்பட்டினம் ஒரத்தூரில் 2022இலும் தமிழ்நாடு அரசின் மருத்துவக் கல்லூரிகள் வந்தன. நாகூர்ப் பிள்ளைக்கு ஒரத்தூர் சொந்த மாநிலக் கல்லூரி. பக்கத்தில் உள்ள திருமலைராயன்பட்டினத்துப் பிள்ளைக்கு அது வேறு மாநிலம். அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 சதவீதத்தில் நாடு முழுவதோடும் போட்டி போட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகள் விஷயத்திலும் எல்லைக்கோடு குறுக்கே நின்றது. தமிழ்நாடு 2020இல் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுச் சட்டம் கொண்டுவந்து, அந்தப் பிள்ளைகளின் கல்லூரி, விடுதிக் கட்டணத்தையும் ஏற்றுக்கொண்டது. புதுச்சேரி அமைச்சரவையும் அதே ஆண்டு 10 சதவீதத்துக்கு முடிவெடுத்தது. ஆனால் கோப்பு டெல்லிக்குப் போய்த் திரும்பி, 2023-24 சேர்க்கையில்தான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு திரும்பி வராது. ஒன்றியப் பகுதியாக இருப்பதன் விலையை இவ்விடத்தில் பிள்ளைகள்தான் கொடுத்தார்கள்.

உதவி உண்டு, நேரம் இல்லை

உதவித் திட்டங்கள் பல இருக்கின்றன. சென்டாக் வழியாகத் தொழிற்கல்வியில் சேரும் புதுச்சேரி மாணவர்களுக்குப் பெருந்தலைவர் காமராஜர் பெயரில் மாநில அரசின் நிதியுதவி உண்டு. பட்டியல் சாதி மாணவருக்குக் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவி. பிளஸ் டூவில் தங்கள் வாரியத்தின் முதல் இருபது சதவீதத்துக்குள் வந்து, வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருப்பவர் தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பித்தால், தேர்வானவருக்கு முதல் மூன்று ஆண்டு 12,000, அடுத்த இரண்டு ஆண்டு 20,000 ரூபாய்.

சிக்கல் காலத்தில் இருக்கிறது. ஒதுக்கீட்டு ஆணை கையில் வந்ததும் சில நாட்களுக்குள் கல்லூரியில் சேர்ந்து பணம் கட்ட வேண்டும். உதவித்தொகை என்பது பெரும்பாலும் சேர்ந்த பிறகு விண்ணப்பித்து, கல்லூரி சரிபார்த்து, துறை ஒப்புதல் தந்து, மாதங்கள் கழித்து வருகிற பணம். பல வீடுகளில் முதல் ஆண்டுத் தொகை வந்து சேரும் முன்பே இரண்டாம் ஆண்டுக்கான நோட்டீஸ் வந்துவிடுகிறது.

அந்தச் சில நாட்களை அருகில் இருந்து பார்த்தால் தெரியும். மேசை மேல் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே நீட் மதிப்பெண் அட்டை, ஒதுக்கீட்டு ஆணை, குடியிருப்புச் சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று, எல்லாவற்றுக்கும் நான்கு நகல். தாலுகா அலுவலகத்துக்கு அப்பா, வங்கிக்கு அம்மா என்று பிரிந்து ஓடுகிறார்கள். வங்கியில், “சார், திங்கக்கிழமைக்குள்ள கட்டலன்னா சீட்டு போயிடும்” என்கிறார் அம்மா. மேலாளர் நல்லவர்தான். “அம்மா, கல்லூரியில இருந்து போனஃபைடும் கட்டண விவரமும் வேணும். அது வந்தாதான் மேல அனுப்ப முடியும்” என்கிறார். சேர்ந்தால்தான் கல்லூரி போனஃபைடு, அதாவது தங்கள் மாணவர் என்ற சான்று, தரும்; பணம் கட்டினால்தான் சேர முடியும். கடைசியில் அம்மா அதே கட்டடத்தில் பக்கத்து கவுண்டருக்குப் போகிறார். நகைக்கடனுக்குப் போனஃபைடு கேட்க மாட்டார்கள், எடை பார்த்துவிட்டு அன்றே பணம் தருவார்கள்.

அன்று அடகு வைத்த சங்கிலி தையில் வீடு திரும்பியது. இன்று வைக்கும் நகை திரும்புமா என்பது யாரோ ஒரு அலுவலகத்தில் கோப்பு நகரும் வேகத்தைப் பொறுத்தது. மீனவ வீட்டில் இது இன்னும் கடினம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு பழுது பார்த்து, வலை வாங்கிக் கடனோடு கடலுக்குப் போகத் தொடங்கும் மாதங்களில்தான் கலந்தாய்வும் வருகிறது.

சான்றிதழ்களிலும் ஒரு வலி இருக்கிறது. புதுச்சேரியின் பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1964இல் வந்தது. அதற்குப் பின் குடிவந்த குடும்பங்களைப் பூர்வீகத்தார் அல்லர், புலம்பெயர்ந்தோர் என்று பிரிக்கிறார்கள். மூன்று புறமும் தமிழ்நாடு சூழ்ந்த ஊரில், கொள்வினை கொடுப்பினை எல்லாம் எல்லை தாண்டியே நடக்கும் இடத்தில், இந்தக் கோடு பல பிள்ளைகளின் உதவித்தொகையைத் தடுத்து நிறுத்துகிறது.

கடனின் கூட்டல்

உதவித்தொகை எட்டாத இடத்தைக் கல்விக் கடன் நிரப்புகிறது. வங்கிகளின் பொதுவான மாதிரித் திட்டத்தில் 4 லட்சம் வரை ஈடும் வேண்டாம், மூன்றாம் நபர் ஜாமீனும் வேண்டாம். 7.5 லட்சத்தைத் தாண்டினால் சொத்து ஈடு கேட்பார்கள். கோயில் மனையில் வீடு கட்டியிருப்பவரிடமும் சுனாமிக்குப் பின் கிடைத்த குடியிருப்பில் இருப்பவரிடமும் ஈடாக வைக்கத் தகுந்த பத்திரம் பல நேரம் இருப்பதில்லை. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம் வித்யாலட்சுமி திட்டம், பட்டியலிட்ட தரமான நிறுவனங்களில் சேர்வோருக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் தருகிறது. குடும்ப வருமானம் 8 லட்சம் வரை என்றால், 10 லட்சம் வரையான கடனுக்கு, படிப்பும் அதன்பின் ஓராண்டும் சேர்ந்த தவணை விடுப்புக் காலத்தில் 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள வீடுகளுக்கு, தொழிற்படிப்புகளுக்கான பழைய திட்டத்தில் அந்த விடுப்புக் கால வட்டி முழுவதையும் அரசே கட்டும். சேரும் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்பதை விருப்பப் பட்டியல் பதியும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

வட்டி மானியத்தின் மதிப்பு கணக்குப் போட்டால்தான் தெரியும். பத்து லட்சம் கடன், ஆண்டுக்கு இரண்டு லட்சமாக ஐந்து தவணையில் கல்லூரிக்குப் போகிறது, வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு ஐந்தரை ஆண்டு, அதன் பின் ஓராண்டு அவகாசம். முதல் இரண்டு லட்சத்துக்கு ஆறரை ஆண்டு வட்டி, கடைசி இரண்டு லட்சத்துக்கு இரண்டரை ஆண்டு வட்டி. தனிவட்டியாகக் கூட்டினாலே 4.5 லட்சம் ஆகிவிடும். திருப்பிக் கட்டத் தொடங்கும் நாளில் கடன் 14.5 லட்சம், 15 ஆண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ 15,600 ரூபாய். வட்டி முழுவதையும் அரசு ஏற்ற வீட்டில் மாதம் 10,750 போதும்.

மானியம் கிடைக்காத வீட்டுக்கும் ஒரு வழி இருக்கிறது. படிக்கும்போதே மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டிவரலாம். முதல் ஆண்டில் மாதம் 1,700 ரூபாய்க்குள் முடியும், ஐந்தாம் ஆண்டில் 8,300 ஆக ஏறும். முழுவதும் முடியாவிட்டால் பாதியாவது கட்டலாம்.

இதே கணக்கை நிகர்நிலைக் கல்லூரிக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 20 லட்சம் என்றால் ஐந்து ஆண்டுக்கு ஒரு கோடி. அதை 10 சதவீத வட்டியில், படிக்கும் கால வட்டியைச் சேர்க்காமலே, 15 ஆண்டில் அடைக்க மாதம் ஒரு லட்சத்து ஏழாயிரத்துக்கு மேல் வேண்டும். எம்பிபிஎஸ் மட்டும் முடித்த இளம் டாக்டரின் தொடக்கச் சம்பளம் அதற்குப் பக்கத்தில்கூட வராது. பிள்ளை மேல் உள்ள ஆசையில் நிலத்தை விற்றுச் சேர்க்கும் அப்பாக்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்பேன்.

சிக்கனம் எங்கே பலிக்கும்

கட்டணம் நம் கையில் இல்லை, மற்ற செலவு கொஞ்சம் நம் கையில் இருக்கிறது. முதலாண்டு உடற்கூறியலுக்கான எலும்பு செட்டைப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. சீனியரிடமிருந்து ஜூனியருக்கு அது கைமாறிக்கொண்டே போகும், அடுத்த ஆண்டு அதே விலைக்கு விற்றும்விடலாம். தடிப் புத்தகங்களும் அப்படித்தான். பழைய பிரதியின் ஓரத்தில் முந்தைய பிள்ளை பென்சிலால் எழுதிய குறிப்பு கூடுதல் லாபம். நல்ல ஸ்டெதஸ்கோப் நோயாளியைத் தொடும் காலத்தில் வாங்கினால் போதும், சேர்ந்த முதல் நாளே வாங்க வேண்டாம்.

பெரிய சேமிப்பு தாள்களில் இருக்கிறது. வருமானச் சான்றைப் பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு எடுத்துவைப்பது, பிள்ளையின் வங்கிக் கணக்கில் ஆதாரை இணைத்துவைப்பது, உதவித்தொகைப் புதுப்பிப்பை ஒவ்வோர் ஆண்டும் கெடு முடியும் முன் செய்வது. ஒரே ஒரு ஆண்டு புதுப்பிக்கத் தவறினால் போகிற தொகையை மெஸ் பில்லில் மிச்சம் பிடித்து ஈடுகட்டவே முடியாது. கலந்தாய்வுக்கான வைப்புத் தொகையையும் முன்பே எடுத்துவைக்க வேண்டும். அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் பொதுப் பிரிவில் 10,000, பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோருக்கு 5,000. நிகர்நிலைக்குப் பதிந்தால் எல்லோருக்கும் 2 லட்சம். கிடைத்த இடத்தை விதிமீறி விட்டால் அது திரும்பாது.

அரசு செய்யக்கூடியது

வீட்டுச் சிக்கனத்துக்கு ஓர் எல்லை உண்டு. காரைக்காலின் குறை தீர அரசு செய்ய வேண்டியது பெரிய கட்டடம்கூட இல்லை. தகுதியுள்ள பிள்ளைக்கு எப்படியும் தரப்போகிற பணத்தை, சேரும் நாளிலேயே கல்லூரிக்கு நேராகக் கட்டிவிட வேண்டும். இது நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் திட்டத்தை 2021இல் திருத்தியபோது, முன்பணம் கட்டாமலே சேர்ந்துகொள்ள ‘ஃப்ரீஷிப் கார்டு’ என்ற ஏற்பாட்டை நெறிமுறையில் எழுதினார்கள். அதையே சென்டாக் ஒதுக்கீட்டு ஆணையோடு இணைத்து, மாநில நிதியுதவி பெறும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தரலாம். ஒதுக்கீடு வந்த நாளிலேயே வங்கிகள் கொள்கையளவில் கடன் ஒப்புதல் கடிதம் தரலாம். கலந்தாய்வு நாட்களில் காரைக்கால் ஆட்சியர் அலுவலகத்திலேயே தாலுகா, வங்கி, ஆதிதிராவிடர் நலத்துறை ஆட்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்தால், புதுச்சேரிக்கு அலையும் பஸ் செலவும் நாளும் மிச்சமாகும்.

இதைத் தனிப்பட்ட குடும்பங்களின் கஷ்டமாக மட்டும் பார்க்க முடியாது. கடன் குறைவாக இருக்கும் டாக்டர் எங்கே வேலை செய்வது என்பதைத் தானே தேர்ந்தெடுக்கிறார். மாதம் ஒரு லட்சம் தவணை கட்டுகிறவருக்காக வங்கிதான் தேர்ந்தெடுக்கிறது. நெடுங்காட்டிலோ நிரவியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார அவருக்கு மனம் இருந்தாலும் வசதி இருக்காது, பெருநகரத்துத் தனியார் மருத்துவமனைக்குத்தான் போவார். சேர்க்கை நாளில் ஒரு காரைக்கால் வீட்டின் நகையைக் காப்பாற்றும் அரசு, ஏழெட்டு வருடம் கழித்து இந்த ஊர் நோயாளிக்கு ஒரு டாக்டரைச் சம்பாதித்துக் கொடுக்கிறது. அந்த முதலீட்டை வரும் கலந்தாய்விலேயே தொடங்க வேண்டும்.